மரத்தைத் தின்றது வண்டா? விதியா?

(சுயமரியாதைத் தோழர்கள் கூட்டமொன்றில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக் கொண்டிருப்பது மரம் செத்த விஷயமாகும். அதுவும் நம்மூர் மரமல்ல. வட அமெரிக்காவில், நம்மில் அநேகர் கண்ணால் பார்த்திராத காடுகளில், கோடிக்கணக்கான மரங்கள் செத்த விஷயம். "சாமியைப் பற்றியும் ஜாதியைப் பற்றியும் பேசுவார் என்று வந்தோம், இவர் மரத்தையும் பூச்சியையும் பற்றிப் பேசுகிறாரே" என்று சிலர் நினைக்கலாம். அந்த இரண்டும் இதில் தாமாகவே வந்து சேரும். கொஞ்சம் பொறுமையாகக் கேட்க வேண்டுகிறேன்.

நம் ஊரில் ஒரு தென்னை பட்டுப் போனால் என்ன சொல்லுகிறோம்? கண்ணு பட்டுவிட்டது என்கிறோம். தோப்பே பட்டுப் போனால் ஊர்த் தேவதைக்குக் குறை வைத்துவிட்டோம் என்கிறோம். பூசாரிக்கு ஒரு கிடா, ஜோசியனுக்கு ஒரு தட்சணை என்று செலவு செய்கிறோம். செலவெல்லாம் முடிந்த பிறகும் மரத்துக்குள் இருக்கும் கூன்வண்டு தன் பாட்டுக்குத் தின்று கொண்டே இருக்கிறது. "மரத்தைப் பிளந்துதான் பார்ப்போமே" என்று எவனாவது சொன்னால் அவனுக்கு நாஸ்திகன் என்று பட்டம் கட்டுகிறோம். ஆகவே மரம் சாவதற்குக் காரணம் தேடுவது எப்படி, தேடினால் என்ன கிடைக்கும், தேடக் காலதாமதம் செய்தால் என்ன நஷ்டம் என்பதற்கு ஒரு பெரிய உதாரணமாகவே அமெரிக்கக் காட்டை எடுத்துக் கொண்டேன்.

ஆஷ் என்று ஒரு மரம். நம் வீட்டு மல்லிகைக் கொடியும் அந்த மரமும் தாவர நூலார் கணக்கில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கோடாரிப் பிடி, மண்வெட்டிப் பிடி, அமெரிக்கர்கள் ஆடும் பேஸ்பால் ஆட்டத்தின் மட்டை எல்லாம் இந்த மரத்தில் செய்வார்கள். அமெரிக்க ஐக்கிய நாட்டில் மட்டும் சுமார் 800 கோடி ஆஷ் மரங்கள் இருந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள். ஆற்றோரக் காடுகளிலும், சர்க்கார் காடுகளிலும், நகரசபைப் பூங்காக்களிலும், வீதி ஓரங்களிலும் நின்ற மரம் இது. அதாவது சொந்தத் தோட்டமில்லாதவனும் போய் நிற்கக்கூடிய நிழல் என்று சொல்லலாம்.

மிச்சிகன் மாகாணத்தில், மோட்டார்க் கார் செய்வதற்குப் பேர்போன டிட்ராய்ட் நகரத்தைச் சுற்றி இந்த மரங்கள் உச்சியிலிருந்து காய ஆரம்பித்தன. அந்தப் பிரதேசத்தில் ஆஷ் மரத்துக்கு ஏற்கெனவே மஞ்சள் நோய் என்று ஒரு வியாதி உண்டு. "இதுவும் அதுதான்" என்று முதலில் நினைத்து விட்டுவிட்டார்கள். 2002-ம் வருஷத்தில்தான் செத்த மரத்தின் பட்டைக்கடியிலிருந்து ஒரு வண்டைப் பிடித்தார்கள். அது இன்னதென்று அமெரிக்க நிபுணர்களுக்கே தெரியவில்லை. ஐரோப்பாவில் ஸ்லோவாகியா நாட்டில் இருந்த ஒரு வண்டு நிபுணருக்கு அனுப்பினார்கள். அவர்தான் பெயர் சொன்னார்.

அந்த வண்டு வேறு யாருமல்ல. நம் பிள்ளைகள் தீப்பெட்டிக்குள் வைத்து விளையாடுகிறார்களே, அந்தப் பொன்வண்டின் இனம். ஆனால் அதைவிட மிகவும் சிறியது. அரை அங்குல நீளந்தான் இருக்கும். மரகதப் பச்சையாகப் பளபளக்கும். சீனா முதலான கிழக்கு ஆசிய நாடுகளில் பிறந்தது. அதைப் பீக்கிங் நகரத்தில் பிடித்தவர் அர்மான் டேவிட் என்ற பிரெஞ்சுப் பாதிரியார். 1888-ம் வருஷத்தில் பாரிஸில் ஒரு பூச்சி நிபுணர் அதற்கு விஞ்ஞானப் பெயர் வைத்தார். இதில் ஒன்றைக் கவனியுங்கள். பாதிரியார் பாதிரியாராகவே இருந்தார். அதைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. ஆனால் நமக்கு இன்று உபயோகப்படுவது அவர் ஓதிய ஜெபமல்ல. ஊசி குத்திப் பெட்டியில் அனுப்பி வைத்த வண்டேயாகும்.

இந்த வண்டு மரத்தை எப்படிக் கொல்லுகிறது? பெரிய வண்டு இலையைக் கொஞ்சம் கடிக்கும். அதனால் பெரிய தீங்கில்லை. பெண் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பட்டையைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், பாம்பு நெளிந்து போவதைப் போல வளைந்து வளைந்து தின்று கொண்டே போகும். அந்த இடந்தான் இலையில் தயாரான ஆகாரம் வேருக்குப் போகிற பாதை. புழுக்கள் பெருகிப் பாதையை நாலாபக்கமும் அறுத்துவிட்டால், மேலே இலையிருந்தும் கீழே வேர் பட்டினியால் சாகும். அநேகமாக 5 வருஷத்துக்குள் மரம் முடிந்து போகும். புழு வண்டாகி வெளியே வரும்போது பட்டையில் அரைச் சந்திரன் வடிவத்தில் ஒரு சிறு துவாரம் விட்டுப் போகும். கண்ணேறுக்கும் சாபத்துக்கும் இப்படி அடையாளம் காட்ட எந்தப் பூசாரியாலாவது முடியுமா என்று கேட்கிறேன்.

நஷ்டம் எவ்வளவு? தென்கிழக்கு மிச்சிகன் காடுகளில் குறியிட்டுக் கணக்கெடுத்த இடங்களில், 2009-ம் வருஷத்துக்குள் 100-க்கு 99-க்கு மேற்பட்ட ஆஷ் மரங்கள் செத்துவிட்டன. 2017-ம் வருஷத்தில் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் வட அமெரிக்க ஆஷ் இனங்களில் முக்கியமான 6-ல் 5-ஐ, அடியோடு அழிந்து போகும் அபாயத்திலுள்ளவை என்று பட்டியலில் சேர்த்தது. வண்டு 2022-ல் அமெரிக்காவின் மேற்குக் கோடியான ஆரிகன் மாகாணத்துக்கும், 2024-ல் கனடாவின் வான்கூவர் நகரத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. ருஷியாவில் மாஸ்கோ நகரத்தில் 2003-லேயே கண்டார்கள். அங்கிருந்து உக்ரைன் வரை பரவிற்று.

இனி, இப்படிப்பட்ட சங்கடத்துக்கு மதம் என்ன வைத்தியம் செய்தது என்பதையும் பார்ப்போம். நம் மதத்தை மட்டும் சொல்லுகிறேன் என்ற குறை வேண்டாம். வெள்ளைக்காரர் மதத்தையே சொல்லுகிறேன். இன்று பிரான்சுக்குள்ளும், அக்காலத்தில் சவாய் ராஜ்ஜியத்துக்குள்ளும் இருந்த செயின்ட் ஜூலியன் என்ற ஊரில், 1545-ம் வருஷத்தில் திராட்சைத் தோட்டங்களை ஒருவகைக் கூன்வண்டு நாசமாக்கிற்று. ஊரார் மாதாகோயில் நீதிமன்றத்தில் வண்டுகளின் மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். வண்டுகளுக்கு வக்கீலும் நியமிக்கப்பட்டார்! கடைசியில், ஜனங்கள் பிரார்த்தனை செய்து, பூசை வைத்துத் தோட்டங்களைச் சுற்றி ஊர்வலம் வர வேண்டுமென்று உத்தரவாயிற்று. அப்படியே செய்தார்கள். வண்டும் மறைந்தது. "பார்த்தீர்களா பிரார்த்தனையின் மகிமையை!" என்றிருப்பார்கள். ஆனால் 1587-ல் வண்டு மறுபடியும் வந்தது. மறுபடியும் வழக்கு, மறுபடியும் வக்கீல். ஊரார் பயந்து, "வண்டுகளுக்கென்று தனியாக ஒரு நிலம் ஒதுக்கித் தருகிறோம்" என்றுகூடச் சொன்னார்கள். "அந்த நிலம் தரிசு, என் கட்சிக்காரருக்கு உதவாது" என்று வண்டுகளின் வக்கீல் மறுத்துவிட்டார். தீர்ப்பு என்ன ஆயிற்று என்று இன்று யாருக்கும் தெரியாது. ஏனென்றால் தஸ்தாவேஜின் கடைசி ஏட்டை எலியோ பூச்சியோ தின்றுவிட்டது!

சிரிக்கிறீர்கள். சிரிக்க வேண்டியதுதான். ஆனால் நேற்று மழைக்காகத் தவளைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்தவர்கள் நாம் என்பதை மறந்துவிட்டுச் சிரிக்கக் கூடாது. பூச்சி பெருகுவதும் குறைவதும் தட்ப வெப்பத்தாலும், ஆகாரத்தாலும், அதைத் தின்னும் வேறு ஜீவன்களாலும் நடக்கிற காரியம். அது தானாகக் குறையும் சமயத்தில் ஊர்வலம் வந்தவன் பெருமையைத் தட்டிக்கொண்டு போகிறான். பெருகும் சமயத்தில் உங்கள் பாபம் என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளுகிறான். இரண்டு வகையிலும் அவனுக்கு நஷ்டமில்லை.

சரி, சீனாவில் இருந்த வண்டு அமெரிக்கக் காட்டுக்கு எப்படிப் போயிற்று? எந்தத் தேவதை தூக்கிக்கொண்டு போனது? கப்பல் தூக்கிக்கொண்டு போனது. சாமான்களை அடைத்து அனுப்புகிற மரப்பெட்டி, அடியில் வைக்கிற மரச்சட்டம் ஆகியவற்றில் புழுவாக இருந்துகொண்டே போயிருக்க வேண்டுமென்பது நிபுணர்கள் அபிப்பிராயம். அந்த மரத்தை 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் புழு பெரும்பாலும் செத்திருக்கும். இதைச் சர்வதேச விதியாக ஏற்படுத்தியது 2002-ம் வருஷத்தில். அதே வருஷத்தில்தான் டிட்ராய்டில் வண்டைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் செத்த மரங்களை அறுத்து அவற்றின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, வண்டு 1990-களின் முற்பாதியிலேயே வந்து குடியேறிவிட்டது என்று தெரிந்தது. விதி வருவதற்கு முன்பே வண்டு வந்துவிட்டது. பெட்டி மரத்தைச் சுடாமல் அனுப்பியதில் வியாபாரிக்கு மிச்சமானது சில காசு. அதற்குப் பதில் காட்டையே கொடுத்தவர்கள் பொது ஜனங்கள். லாபம் ஒருவனுக்கு, நஷ்டம் ஊருக்கு என்பது நமக்குப் புதிய சங்கதியா?

"சீனாக்காரன் வண்டு செய்த அக்கிரமம்" என்று சிலர் பேசுவதுண்டு. அதுவும் அறிவுள்ள பேச்சல்ல. அந்த வண்டு தன் சொந்த நாட்டில் பொதுவாக நலிந்த மரங்களைத்தான் தின்று வருகிறது. அங்குள்ள ஆஷ் மரங்கள் நெடுங்காலமாக அதனோடு வாழ்ந்து எதிர்க்கும் சக்தி பெற்றிருக்கின்றன. அங்கே அதைத் தின்னும் குளவிகளும் உண்டு. அமெரிக்க மரம் அதை அறியாது. ஆகையால் எதிர்க்கத் தெரியவில்லை. அதோடு, அமெரிக்காவுக்குள்ளேயே அதைத் தூரதூரமாகக் கொண்டுபோனவர்கள் அமெரிக்கர்களேயாவார்கள். வண்டு தானாகப் பறந்தால் வருஷத்துக்குச் சில மைல்தான் போகும். உல்லாசமாகக் காட்டில் தங்கப் போகிறவர்கள் காரில் போட்டுக்கொண்டு போன விறகுக் கட்டு, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மைல் கொண்டுபோய் விட்டது.

இன்னொரு முக்கியமான சங்கதி. வீதிகளில் இத்தனை ஆஷ் மரம் ஏன் இருந்தது? அதற்கு முன் அமெரிக்க நகரங்களின் வீதிகளில் எல்ம் என்ற மரத்தையே வரிசை வரிசையாக நட்டிருந்தார்கள். 1930-ம் வருஷத்தில் அங்கே கண்டறியப்பட்ட ஒரு காளான் நோய், ஐரோப்பாவிலிருந்து இறக்குமதி செய்த மரக்கட்டைகளோடு வந்து, வண்டுகளின் மூலம் பரவி, எல்ம் மரங்களைக் கொன்றது. காலியான இடத்தில் என்ன நட்டார்கள்? பல வீதிகளில் மறுபடியும் ஒரே இனம். இந்தத் தடவை ஆஷ். ஒரு மரத்துக்கு வந்தால் வீதி முழுவதும் வரும் என்ற புத்தி ஒரு தடவை பட்டும் வரவில்லை.

இதைக் கேட்டதும் உங்களுக்கு நம் அக்கிரகாரமும் தனித்தனி ஜாதித் தெருக்களும் ஞாபகம் வரலாம். நான் மரத்தையும் மனிதனையும் ஒன்றாக்கிப் பேசப் போவதில்லை. ஏனென்றால் மரத்தில் ஆஷுக்கும் எல்முக்கும் உள்ள பேதம் மெய். மனிதனில் ஜாதிக்கும் ஜாதிக்கும் உள்ள பேதம் பொய். ஆனால் "கலப்பில்லாமல் ஒரே இனமாக இருப்பதுதான் பலம், கலந்தால் கெட்டுப்போகும்" என்று இயற்கையைச் சாட்சிக்கு அழைத்து வாதாடுகிற பண்டிதர்கள் இருக்கிறார்களே, அவர்களுடைய சாட்சி கூண்டில் ஏறி அவர்களுக்கு விரோதமாகவே சாட்சி சொல்லிவிட்டது என்பதை மட்டும் சொல்லிக் கொள்ளுகிறேன். மெய்யான பேதமுள்ள மரத்துக்கே கலந்து நிற்பது பாதுகாப்பென்றால், பொய்யான பேதம் பேசும் மனிதனுக்கு என்ன சொல்ல?

இப்போது ஒரு வைதிகர் எழுந்து, "அதெல்லாம் சரி, உங்கள் விஞ்ஞானமாவது மரத்தைக் காப்பாற்றியதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மறைக்காமல் பதில் சொல்ல வேண்டும். அனேகமாகக் காப்பாற்றவில்லை. கனடாக்காரர்கள் இரண்டு ஏரிகளுக்கிடையே சுமார் 10 கிலோமீட்டர் அகலத்துக்கு ஆஷ் மரங்களையெல்லாம் வெட்டி வேலி போட்டுப் பார்த்தார்கள். வண்டு அதற்கு முன்பே அப்பால் போயிருந்தது. அமெரிக்க மத்திய சர்க்கார் ஆஷ் மரக்கட்டை போக்குவரத்துக்குப் போட்டிருந்த தடையை, இனிப் பயனில்லை என்று 2021-ம் வருஷத்தில் எடுத்தே விட்டது. மரத்தின் அடியில் ஊசி போட்டுச் செலுத்துகிற ஒரு மருந்து உண்டு. அது இரண்டு மூன்று வருஷம் காக்கும். ஆனால் மரத்துக்கு மரம், திரும்பத் திரும்பப் போட வேண்டும். ஆகவே பணக்காரன் வீட்டு முற்றத்து மரம் பிழைத்தது. சில நகரசபைகள் வீதி மரத்துக்குப் போட்டன. பொதுக் காட்டுக்கு ஊசி போட யாராலும் முடியவில்லை.

பொது நிழல் போனால் போகட்டும், உயிரா போய்விட்டது என்பீர்கள். 2013-ம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சி, 15 மாகாணங்களில் 1990 முதல் 2007 வரையுள்ள சாவுக் கணக்கைப் பார்த்தது. வண்டு வந்து மரம் செத்த ஜில்லாக்களில், மூச்சுறுப்பு வியாதியால் 6,113 சாவும், இருதயம் இரத்தக்குழாய் வியாதியால் 15,080 சாவும் அதிகப்படியாக நேர்ந்ததாகக் கணக்கிட்டது. மரம் போனதுதான் காரணம் என்று முடிவாக நிரூபித்துவிட்டதாக ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லவில்லை. இரண்டுக்கும் சம்பந்தம் காண்கிறது என்றுதான் சொன்னார்கள். தெரிந்த அளவுக்கு மட்டும் சொல்லுவதே அறிவாளியின் வழக்கம். தெரியாததையும் தெரிந்ததாகச் சொல்லுவது புரோகிதன் வழக்கம்.

ஆனால் தோல்வியோடு காரியம் முடிந்துவிடவில்லை. சீனாவில் அந்த வண்டின் முட்டையையும் புழுவையும் நாசம் செய்யும் மிகச் சிறிய குளவிகளைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். அவை வேறு பூச்சிகளைக் கெடுக்குமா என்று சோதித்துப் பார்த்துவிட்டு, 2007-ம் வருஷத்தில் மூன்று இனங்களை மிச்சிகனில் விட்டார்கள். பெரிய மரத்தின் தடித்த பட்டைக்குள் இருக்கும் புழுவை அவை நன்றாக எட்ட முடியவில்லை. ஆனால் இளங்கன்றுகளில் அந்தக் குளவிகள் நல்ல வேலை செய்கின்றன. செத்த காட்டிலும் 100-க்கு 1-க்குக் குறைவாக, சில மரங்கள் சாகாமல் நிற்கின்றன. அவற்றின் கிளைகளை ஒட்டுக்கட்டி, ஒன்றோடொன்று சேர்த்து, எதிர்க்கும் சக்தியுள்ள கன்றுகளை உண்டாக்க ஓஹையோ மாகாணத்தில் சர்க்கார் காட்டிலாகாவினர் பாடுபட்டு வருகிறார்கள். இது ஒரு தலைமுறையில் முடிகிற வேலையல்ல.

இந்த முறை நமக்கு அன்னியமானதுமல்ல. 2008-ம் வருஷத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளியில் மாவுப்பூச்சி தோன்றி, மரவள்ளி, மல்பெரியையும் பாழாக்கியதை விவசாயத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து சிறு குளவிகளை வரவழைத்து விட்ட பிறகுதான் அது அடங்கிற்று. அந்தக் குளவிக்கு எந்த ஊரில் கோயில் கட்டினோம்?

கடைசியாக, நம்பிக்கையும் காரியமும் எப்படி வேறு என்பதற்கு ஒன்று சொல்லுகிறேன். அமெரிக்கப் பூர்வகுடிகளில் பல கூட்டத்தார் கறுப்பு ஆஷ் மரத்தைத் தட்டி நாராக்கிக் கூடை பின்னுகிறவர்கள். அது அவர்கள் பிழைப்பு மட்டுமல்ல, தாய் மகளுக்குச் சொல்லித் தருகிற வித்தை. வாபனாக்கி மக்களின் பழங்கதையில், மனிதர்களே ஆஷ் மரத்திலிருந்து வெளிவந்தவர்கள் என்று இருக்கிறது. அந்தக் கதையை நாம் ஒப்ப வேண்டியதில்லை. ஆனால் மரம் சாக ஆரம்பித்தபோது பூர்வகுடி மக்கள் என்ன செய்தார்கள்? காட்டுக்குள் போய் விதை பொறுக்கினார்கள். அதைக் குளிர்ப் பெட்டியில் சேமிக்கக் கொடுத்தார்கள். விஞ்ஞானிகளோடு உட்கார்ந்து கணக்கெடுத்தார்கள். கதையினால் மரம் பிழைக்காது, விதையினால்தான் பிழைக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் கோயில்களில் ஸ்தல விருட்சம் என்று மஞ்சளும் குங்குமமும் பூசிச் சுற்றி வருகிறவர்கள், அந்த மரத்தின் பட்டையை ஒரு நாளாவது உற்றுப் பார்த்ததுண்டா?

ஆகவே தோழர்களே! நாம் செய்ய வேண்டியது என்ன? நம் துறைமுகங்களிலும் வெளிநாட்டு மரப்பெட்டிகள் இறங்குகின்றன. சுட்டுச் சுத்தம் செய்த மரமானால் அதில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பெட்டியைப் பிரிக்கிற தொழிலாளி அந்த முத்திரையைப் பார்க்கக் கற்றுக் கொள்ளட்டும். வெளியூர்ச் செடியையும் கட்டையையும் சோதனைக்குத் தெரியாமல் கொண்டுவருவதைச் சாமர்த்தியமென்று நினைக்கிற வழக்கம் ஒழியட்டும். ஊர்ப் பொது இடத்தில் மரம் நடுகிறவர்கள் ஒரே இனத்தை நடாமல் பலவகை நடட்டும். ஏரிக்கரை மரமும் சாலை மரமும் சர்க்கார் மரம், நமக்கென்ன என்று இருக்காமல், ஒன்று காய்ந்தால் அதைப் பட்டை உரித்துப் பார்த்து, விவசாய இலாகாவுக்கு உடனே தெரிவிப்பது ஊராரின் கடமையாகட்டும். டிட்ராய்ட் மரத்தை முதல் வருஷத்திலேயே யாராவது பிளந்து பார்த்திருந்தால், வழி ஒன்று இருந்திருக்கலாம். சுமார் 10 வருஷம் கழித்துப் பார்த்தபோது காரணந்தான் கிடைத்தது, காடு கிடைக்கவில்லை.

காரணம் தெரிந்தாலும் சில சமயம் காப்பாற்ற முடியாமல் போகலாம். ஆனால் காரணம் தெரியாமல் எதையும் காப்பாற்ற முடியவே முடியாது. "விதி" என்பது காரணத்தின் பெயரல்ல. காரணத்தைத் தேடாமலிருப்பதற்கு நாம் வைத்துக் கொண்ட பெயர். மரத்துக்கானாலும், பிள்ளையின் காய்ச்சலுக்கானாலும், உழைக்கிறவன் பட்டினிக்கானாலும், "ஏன்?" என்று கேட்டு, பட்டையை உரித்துப் பார்க்கும் துணிவு ஒவ்வொருவருக்கும் வர வேண்டுமென்று கேட்டுக் கொள்ளுகிறேன்.